அம்பு வருமா?

என் அக்காவின் கண்ணுக்குத் தப்பிப் பிழைத்த பிசிறு என்று ஒன்று இந்த உலகத்தில் கிடையாது. இதை நான் பெருமையாகச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அவளோடு ஒரே வீட்டில் குடியிருந்து, ஒரே கம்பெனியில் வேலை பார்த்து, அவளுக்குத் தங்கையாகவும் இருந்து பாருங்கள், அப்போது தெரியும்.

நாங்கள் வேலை பார்ப்பது சட்டை தைக்கிற கம்பெனியில். நான் காலர் ஏற்றுகிறவள். அக்கா செக்கிங். ஹாலின் கோடியில், ட்யூப்லைட்டுக்கு நேர் கீழே அவளுடைய மேசை. தைத்து முடித்த சட்டை அவள் கைக்குப் போனதும் காலர், தோள், கை, பட்டன், கீழ் மடிப்பு என்று ஒரு சுற்று வருவாள். கண் பார்ப்பதற்குள் விரல் பார்த்துவிடும். தப்பு அகப்பட்டால் போதும், பக்கத்தில் இருக்கிற சுருளிலிருந்து சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை உரித்து, கூர் முனை அந்தத் தப்பையே காட்டுகிற மாதிரி ஒட்டுவாள். சரிசெய்ய முடிகிற சட்டை 'ஆல்டர்' கூடையில் விழும். தைத்தவளே அதைப் பிரித்துத் தைத்து, தப்பு சரியான பிறகுதான் அம்பை எடுக்க வேண்டும். சரிசெய்ய முடியாதது 'ரிஜெக்ட்' மூட்டைக்குப் போகும். ஒழுங்காக இருக்கிற சட்டைக்கு என்ன ஒட்டுவார்கள் என்று கேட்டால், ஒன்றும் ஒட்ட மாட்டார்கள். நல்லாயிருக்கு என்று வாய் வார்த்தைகூடக் கிடையாது. அயர்ன் மேசைக்குத் தள்ளிவிடுவார்கள்.

கம்பெனியில் அவளுக்குக் கழுகு என்று பெயர். யார் வைத்தது என்று கேட்காதீர்கள். நான்தான்.

ஒருநாள் மத்தியானம் ஆல்டர் கூடையில் என் சட்டைகளாகவே கிடந்தன. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். நேரே அவள் மேசைக்குப் போய் நின்றேன்.

"காலைல எனக்குச் சோறு கட்டிக் குடுத்த கைதானே இது? இங்க வந்து அம்பு ஒட்டுதே."

அக்கா தலையைக்கூடத் தூக்கவில்லை. "சோறு தங்கச்சிக்கு. அம்பு காலருக்கு. போய் பிரிச்சுத் தை."

சூப்பர்வைசர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். என்ன செய்வது, காலர் நூலளவு கோணலாகத்தான் இருந்தது.

இந்தக் கழுகு எங்கே பிறந்தது என்று தெரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். எங்களுக்கு அப்பா இல்லை. அம்மா ஆஸ்பத்திரியில் வார்டு கூட்டித் துடைக்கிற வேலை பார்த்தாள். விடிவதற்குள் போனால் பொழுது சாயும்போதுதான் வருவாள். அதனால் வீடு அக்காவின் தலையில் விழுந்தது. அப்போது அவளுக்குப் பால்பற்கள்கூட முழுசாக விழுந்திருக்கவில்லை. வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்று அடுப்பில் உலை வைப்பாள். இடுப்பில் நான். எனக்குச் சோறூட்டி, துணி அலசி, வீடு பெருக்கிவிட்டுப் பள்ளிக்கூடம் போனால் பாதிப் பாடம் முடிந்திருக்கும்.

ஒருநாள் சோற்றை வடிக்கும்போது பானை சரிந்து கொதிக்கிற தண்ணீர் அவள் கையில் கொட்டிவிட்டது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் இன்றைக்கும் அந்தத் தழும்பு இருக்கிறது. அம்மா சாகும் வரைக்கும் இதைச் சொல்லிச் சொல்லி அழுதாள். எதற்கு அழுதாள் தெரியுமா? சாயங்காலம் வந்தவள் தரையைப் பார்த்திருக்கிறாள், பளிச்சென்று இருந்தது. பானையைத் திறந்தாள், சோறு குறைவாக இருந்தது. "ஏண்டி சோறு இவ்வளவுதானா?" என்றுதான் முதலில் கேட்டாளாம். பாவாடைக்குள் மறைத்து வைத்திருந்த கையை அப்புறம்தான் பார்த்தாள். பிள்ளை முதலில் தரையைத் துடைத்து, சிந்திய சோற்றைப் பொறுக்கி எறிந்துவிட்டு, பிறகுதான் மூலையில் உட்கார்ந்து அழுதிருக்கிறது.

அக்காவுக்குக் கல்யாணம் ஆகி, இரண்டு பெண் குழந்தைகள் பிறந்ததும் அவள் ஒரு சபதம் எடுத்தாள். "என் பொண்ணுங்க கைல துடைப்பம் படக் கூடாது. அவ்வளவுதான்." சொன்னபடியே செய்தாள். மாமா லாரி ஓட்டுகிறவர், வந்தால் விருந்தாளி மாதிரி வந்துவிட்டுப் போவார். ஆகவே சமையல், துணி, பாத்திரம் எல்லாம் இவள் ஒருத்தியே. நான் கூடமாட ஒத்தாசைக்குப் போனால், "நீ பெருக்கினா மூலைல குப்பை நிக்கும், தள்ளு" என்று துடைப்பத்தைப் பிடுங்கிக்கொள்வாள். எனக்கென்ன, நல்லதாய்ப் போயிற்று என்று நானும் கால் நீட்டிக்கொண்டேன்.

பிள்ளைகள் எப்படி வளர்ந்தன என்கிறீர்கள்? பெரியவள் நாலாம் வகுப்புக்கு வந்த பிறகும் குடித்த தம்ளரை உட்கார்ந்த இடத்திலேயே விட்டுவிட்டு எழுந்திருப்பாள். சின்னதுக்கு வீட்டில் வாண்டு என்று பெயர், அப்போதுதான் முதல் வகுப்பு. செருப்பு மாட்டக் காலை மட்டும் நீட்டும். மகாராணிகள்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "இப்படியே வளத்தீனா நாளைக்கு உன்னையே தூக்கிக் குப்பைல போடுவாங்க" என்பேன். "போடட்டும்" என்பாள். அதற்குமேல் அவளிடம் பேச முடியுமா?

கடைசியில் அவள் கைதான் அவளைக் காட்டிக் கொடுத்தது. பெரிய ஆர்டர் ஒன்று வந்து, தினமும் ஓவர்டைம். சட்டையைத் திருப்பித் திருப்பி அக்காவின் வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. கம்பெனி நர்ஸ் பட்டையாகக் கட்டுப் போட்டு, வீட்டு வேலை எதுவும் செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டாள். நானும் பொழுது சாய்ந்துதான் வருகிறேன். சிங்க் நிறையப் பாத்திரம். அன்றைக்கு நான் விடவில்லை. பிள்ளைகளைக் கூப்பிட்டு நிற்க வைத்தேன். பெரியவளுக்குத் தட்டும் தம்ளரும் கழுவுவது, கொடியில் காய்ந்த துணியை எடுத்து வருவது. வாண்டுக்குச் சாப்பாட்டு மேசையைத் துடைப்பது, ஸ்பூன்களைத் துடைத்து டப்பாவில் போடுவது, செருப்பை ஜோடி சேர்ப்பது.

வாண்டு குதித்த குதியைப் பார்க்க வேண்டுமே. ஈரத் துணியைக் கையில் கொடுத்ததும் மேசைமேல் ஏறி உட்கார்ந்து, தான் உட்கார்ந்த இடத்தை விட்டுவிட்டு மிச்சத்தையெல்லாம் துடைத்தது. "சித்தி, பாத்தியா, பாத்தியா" என்று ஒரே கூப்பாடு.

அக்கா மட்டும் அடுப்படி வாசலில் கட்டுப் போட்ட கையைப் பிடித்துக்கொண்டு, ஏதோ பிள்ளைகளை விற்றுவிட்டவள் மாதிரி நின்றாள். அன்றைக்குப் படுக்கப் போகுமுன் இரண்டு பேருக்கும் தனித்தனியாக பிஸ்கட் பாக்கெட் கொடுத்து, "அம்மாவுக்குக் கை வலி, அதான்டா. சரியாயிட்டா நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம்" என்று கெஞ்சினாள். வாண்டுக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஏன் வேண்டாம்? நான் நல்லாத்தானே தொடச்சேன்?"

பிள்ளைகள் தூங்கியதும் அக்கா இடது கையால் மேசையை மறுபடி துடைத்தாள். ஸ்பூன்களைக் கொட்டி மறுபடி அலசினாள். பிள்ளைகளை வேலை வாங்குகிறோமே என்ற உறுத்தல் ஒரு பக்கம், மேசையில் திட்டுத்திட்டாக நிற்கிற ஈரம் ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு தவித்தாள். எனக்குப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது.

பிள்ளைகளுக்குத் தெரியாமல் செய்தால் தெரியாமலே போய்விடுமா? ஒருநாள் வாண்டு பார்த்துவிட்டது.

"அம்மா, நான் தொடச்ச மேசையை நீ ஏன் திரும்பத் தொடைக்கிற?"

"சும்மாதான், கண்ணு."

"தப்பா தொடச்சேனா? எங்க தப்பு?"

அக்கா திருதிருவென விழித்தாள். அந்த நேரம் பார்த்து அவள் முழங்கையில், கம்பெனியிலிருந்து கூடவே வந்த அம்பு ஸ்டிக்கர் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. வாண்டு அதை உரித்து, "இது என்ன?" என்றது. தப்பு எங்கே இருக்கிறது என்று காட்டுகிற அம்பு என்றாள் அக்கா. வாண்டு ஸ்டிக்கரை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தது.

"அப்ப என் தப்புக்கும் ஒட்டு."

எல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது. அக்கா மேசையில் குழம்புக் கறை நின்ற இடத்தைக் காட்டி அம்பை ஒட்டினாள். வாண்டு ஓடிப் போய்த் துணி எடுத்து வந்து, நாக்கைத் துருத்திக்கொண்டு அந்த இடத்தைத் தேய்த்து, கறை போனதும் அம்பை உரித்துத் தன் நெஞ்சில் ஒட்டிக்கொண்டு வீடு முழுக்க ஓடியது. அக்கா சிரித்தாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தேன். மறுநாள் கம்பெனியில் கிழிந்து மிஞ்சிய சுருள் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"வேலைன்னா எனக்கு மனசு வரலடி. இது விளையாட்டு. பாரு, எவ்வளவு சந்தோஷமா செய்யுதுங்க."

நானும் ஆமாம் போட்டேன். என்னைக் கேட்டால் வீட்டில் அப்போது கொண்டாட்டம்தான். கழுவிய தட்டின் விளிம்பில் அம்பு. மடித்த துண்டின் முனையில் அம்பு. இடம் மாறி நின்ற செருப்பில் அம்பு. பெரியவளுக்கு வாய் ஜாஸ்தி, அவள் ஒரு ஸ்டிக்கரை எடுத்து என் கன்னத்துப் பருவைக் காட்டி ஒட்டிவிட்டாள், அதோடு நான் கடைக்குப் போய் வந்துவிட்டேன். கடைக்காரர் கடைசி வரைக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, படுபாவி. மாமா ஒருமுறை வந்திருந்தபோது தூங்கி எழுந்து பார்த்தால் தொப்பையைச் சுற்றி நாலாபுறமும் அம்பு. "இது ஆல்டர் பண்ணா சரியாகுமா, இல்ல மூட்டைதானா?" என்று அவர் கேட்க, பிள்ளைகள் இரண்டும் தரையில் விழுந்து புரண்டன. ஆல்டர், ரிஜெக்ட் எல்லாம் அதற்குள் அவர்களுக்குத் தண்ணி பட்ட பாடு. நாங்கள் இருவரும் சாப்பிடும்போது பேசுவதே அதைத்தானே.

பெரியவளுக்குச் சீக்கிரமே சலித்துவிட்டது. தட்டில் அம்பு இருந்தால் தட்டைக் கழுவாமலே அம்பை மட்டும் உரித்து எறிந்துவிடுவாள். அவள் பிழைத்துக்கொண்டாள் என்று இப்போது தோன்றுகிறது.

வாண்டு அப்படியில்லை. அது அம்மாவைப் போல. மெல்ல மெல்ல அதன் குதியாட்டம் நின்றது. மேசையைத் துடைத்துவிட்டு "சித்தி, பாத்தியா" என்று கூப்பிடுவதை விட்டுவிட்டு, குனிந்து மேசையோடு கண்ணை வைத்து வெளிச்சத்தில் பார்க்கும். மறுபடி துடைக்கும். பிறகு அம்மாவிடம் போய் நின்று, "அம்பு வருமா?" என்று கேட்கும். ஸ்பூனைத் துடைத்து ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து, "அம்பு வருமா?" சடை பின்னிவிட்டால் கண்ணாடியில் பார்த்து, "அம்பு வருமா?" அது அந்தப் பக்கம் போனதும் அக்கா என்னிடம் பெருமை அடித்துக்கொள்வாள். "என்ன நேர்த்தி பாருடி. இந்த வயசுல எனக்கே இது கிடையாது." அம்பு ஒட்டாத நாளில், ஒட்டவில்லை, அவ்வளவுதான். மேசை சுத்தமாக இருந்தால் தட்டை வைத்துச் சாப்பிட உட்கார்ந்துவிடுவாள். கம்பெனியில் நல்ல சட்டையை அயர்னுக்குத் தள்ளிவிடுகிற மாதிரி.

வாண்டின் டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். அக்காவுக்கு ஓவர்டைம், நான் போனேன். பிள்ளை எழுதியதைக் காட்ட மாட்டேன் என்கிறாளாம். எழுதுகிறாள், அழிக்கிறாள், மறுபடி எழுதுகிறாள், அழித்து அழித்துத் தாளே ஓட்டையாகிவிடுகிறது. "வீட்டுல யாராவது ரொம்பக் கண்டிப்பா இருக்காங்களா?" என்று டீச்சர் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. "இல்லைங்க. எங்கக்கா அதிர்ந்துகூடப் பேச மாட்டா" என்றேன். அது பொய்யும் இல்லை. வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னபோது, "படிப்புல அக்கறை இருக்கு, நல்லதுதானே" என்றாள். ஆனால் அன்று சாப்பிட்ட தட்டின் முன்னாலேயே வெகுநேரம் கை காய்ந்துபோக உட்கார்ந்திருந்தாள். நான் அதற்குமேல் கிளறவில்லை. கிளறியிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு ஒருநாள் காலை, எல்லாருக்கும் அவசரம். பால் குடித்த கண்ணாடித் தம்ளர் ஒன்று முந்தின நாள் சரியாகக் கழுவப்படாமல் அடியில் வெள்ளையாக வளையம் கட்டியிருந்தது. அக்கா போகிற போக்கில் அதில் ஓர் அம்பு ஒட்டி அடுப்பு மேடைமேல் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினாள். தம்ளர் கழுவுவது பெரியவளின் வேலை. ஆனால் ஒட்டும்போது பார்த்துக்கொண்டு நின்றது வாண்டு.

சாயங்காலம் நாங்கள் மாடிப்படி ஏறும்போதே பெரியவள் மொட்டை மாடியிலிருந்து துணிக்குவியலோடு இறங்கி வந்தாள். மூன்று பேரும் ஒன்றாகத்தான் உள்ளே போனோம். வீடு துடைத்துவிட்டது மாதிரி இருந்தது. சிங்க்குக்குக் கீழே தரை ஈரமாக, அவ்வளவு சுத்தமாக. குப்பைத் தொட்டியில் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்று. கண்ணாடி உடைந்தால் தாளில் சுற்றித்தான் போட வேண்டும் என்பது அக்கா சொல்லிக்கொடுத்தது. தாளில் சிவப்பாக ஏதோ ஊறியிருந்தது.

"வாண்டு எங்கே?" என்றாள் அக்கா.

வாண்டு கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. அழவில்லை. இடது கையால் வலது கையைத் தாங்கிப் பிடித்திருந்தது. ஆள்காட்டி விரலில் வெட்டு. பெரிய வெட்டு இல்லை, ஆனால் ரத்தம் வழிந்து மணிக்கட்டு வரைக்கும் காய்ந்திருந்தது. புறங்கையில் அந்தச் சிவப்பு அம்பு, தம்ளரில் இருந்ததே அதேதான், கூர் முனை விரல்களைக் காட்டுகிற மாதிரி ஒட்டியிருந்தது.

"வெள்ளையை எடுக்கத்தான் உள்ள கையை விட்டேன்," என்றது. "வழுக்கிடுச்சு. தரையைத் தொடச்சிட்டேன். இந்தக் கைதாம்மா தப்பு."

அக்கா மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டாள். வாண்டு அவள் முகத்தையே பார்த்தது.

"அம்மா, நான் ஆல்டரா, ரிஜெக்டா?"

என் கையிலிருந்த சாப்பாட்டுப் பை நழுவி விழுந்தது. அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. பிள்ளையை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அம்பைப் பிய்க்கப் போனாள். வாண்டு கையைப் பின்னால் இழுத்துக்கொண்டது.

"சரி பண்ணாம எடுக்கக் கூடாது. நீதானே சொன்ன."

கம்பெனியில் எத்தனையோ பேர் இவளிடம் மல்லுக்கு நின்று தோற்றிருக்கிறார்கள். இந்த ஒரு பிள்ளையிடம் அவள் தோற்றுப்போனாள். நான்தான் வாண்டைத் தூக்கிக்கொண்டு போய்க் குழாயடியில் கையைக் காட்டினேன். விரலில் மருந்து வைத்துத் துணி சுற்றினேன். அம்பு தண்ணீரில் ஊறிப் பாதி கழன்றது, பசை மட்டும் புறங்கையிலேயே நின்றது. அக்கா முந்தானையால் அதைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். தோல் சிவந்ததுதான் மிச்சம். "விடுக்கா, வலிக்கும் அதுக்கு" என்று நான் அவள் கையைப் பிடித்தேன். அப்போதுதான் அவள் என்னைப் பார்த்தாள்.

"நானும் தரையைத் தொடச்சுட்டுத்தாண்டி அழுதேன்," என்றாள்.

கழுகு என்று பெயர் வைத்தவள் நான். பிள்ளைகளை வேலைக்கு நிற்க வைத்தவளும் நான்தான். பருவில் அம்பு ஒட்டிக்கொண்டு சிரித்தவளும் நான். இதையெல்லாம் சொல்லி அவளைத் தேற்றிப் பார்த்தேன். அவள் காதில் விழவில்லை. "வேலைதான் பிள்ளைங்களை நசுக்கும்னு நினைச்சேன்டி. வேலை குடுத்ததுக்காக எத்தனை நாள் உள்ளுக்குள்ள அழுதேன் தெரியுமா? அது குதிச்சுக்கிட்டுத்தானே செஞ்சுது. என் கண்ணுதான்..." என்றாள். சுருளை எடுத்துக் கசக்கி அந்தக் கண்ணாடிப் பொட்டலத்தின்மேலேயே போட்டாள்.

மறுநாள் கம்பெனியில் ஆல்டர் கூடை காலியாகக் கிடந்தது. சூப்பர்வைசர் இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டு, "கழுகுக்கு இன்னிக்கு உடம்பு சரியில்லையா?" என்று என்னைக் கேட்டார். காலர் கோணலான சட்டை ஒன்று அவள் கையைத் தாண்டி அயர்ன் மேசைக்கே போய்விட்டது. தைத்தவளுக்குத் தெரியாதா, என்னுடையதுதான். நானே எழுந்து போய் எடுத்து வந்து பிரித்துத் தைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா வாண்டிடம், "இன்னிக்கு நீ ஒண்ணும் செய்ய வேண்டாம், தங்கம். விரல்ல காயம்" என்றாள். எனக்கு வந்ததே கோபம்.

"செய்யட்டும்க்கா. வேண்டாம்னா என்ன நினைக்கும் அது? மூட்டைல போட்டுட்டோம்னு நினைக்கும்."

அக்கா என்னை முறைத்தாள். பிறகு தானே போய்த் துணியை நனைத்துப் பிழிந்து வாண்டின் கையில் கொடுத்தாள். வாண்டு இடது கையால் மேசையைத் துடைத்தது. ஏறி உட்காரவில்லை, நாலு பக்கமும் சுற்றி வந்து துடைத்தது. முடித்துவிட்டு அம்மா முன்னால் வந்து நின்றது.

"அம்பு வருமா?"

"வராதுடா. இனிமே வரவே வராது. ரொம்ப நல்லா தொடச்சிருக்க."

செய்தவளின் முகத்துக்கு நேரே இப்படி ஒரு வார்த்தையை அக்கா வாயிலிருந்து நானே முதல் தடவையாகக் கேட்கிறேன். பழக்கமில்லாத வார்த்தை, அவளுக்கே நாக்கில் சரியாக உட்காரவில்லை. வாண்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தது. பிறகு திரும்பிப் போய் மேசையோடு மேசையாகக் குனிந்து கண்ணை வைத்துப் பார்த்தது. கோடியில், சுவர் ஓரமாக, விரல் அகலத்துக்கு ஒரு குழம்புத் தீற்று இருந்தது. எனக்குத் தெரிந்தது. அக்காவுக்கு எப்போதோ தெரிந்திருக்கும்.

"பொய் சொல்ற," என்றது வாண்டு. துணி சுற்றிய விரலை நீட்டி நேராக அந்த இடத்தைக் காட்டியது. "இதோ இருக்கு. நீ பாக்கலியா?"

"பாத்தேன்," என்றாள் அக்கா. "இருக்கட்டும்."

"இருக்கட்டும்னா?"

அந்தப் பிள்ளை உண்மையாகவே அர்த்தம் தெரியாமல்தான் கேட்டது. எங்கள் வீட்டில் யாரும் அந்த வார்த்தையைச் சொல்லி அது கேட்டதில்லை. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள், நான் சொல்லித் தருவேன் என்பது மாதிரி. எனக்கும் வரவில்லை. நானும் அவள் இடுப்பில் வளர்ந்தவள்தானே.

"இருக்கட்டும்னா... இருக்கட்டும்டா. பரவாயில்ல. வா, சாப்பிடலாம்."

அக்கா தட்டை எடுத்து அந்தத் தீற்றின் மேலேயே வைத்தாள். சோறு போட்டாள். பெரியவள் வந்து உட்கார்ந்தாள், நான் உட்கார்ந்தேன். வாண்டு மட்டும் மேசை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தது. அம்மா எப்போது தட்டை எடுப்பாள் என்று பார்த்துக்கொண்டு, ஈரத் துணியை இடது கையில் வைத்துக்கொண்டே நின்றது.